பங்குச் சந்தைக்குப் புதியவர்கள் கேட்கும் கேள்விகள்: எதை முதலில் கேட்பது, எதைக் கடைசியில் கேட்பது

பங்குச் சந்தையைப் பற்றி விசாரிப்பவர்களில் பெரும்பாலோர் எடுத்த எடுப்பில் கேட்பது "எந்தப் பங்கை வாங்கலாம்?" என்பதுதான். கேள்வியில் தவறில்லை, ஆனால் அது வரிசையில் கடைசியாக வரவேண்டியது. மனை வாங்கப் போகிறவர் பட்டா யார் பெயரில் இருக்கிறது, முப்பது ஆண்டுக்கு வில்லங்கம் பார்த்தாயிற்றா, வண்டி போகப் பாதை உண்டா, பத்திரச் செலவு எவ்வளவு ஆகும் என்று ஒவ்வொன்றாக விசாரித்த பிறகே முன்பணம் கொடுக்கிறார். அதே மனிதர், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பெயரை நம்பி, அரை மணி நேரத்தில் ஐம்பதாயிரம் ரூபாய்க்குப் பங்கு வாங்கிவிடுகிறார். மனைக்கு நாம் காட்டும் அந்தப் பொறுமையான வரிசையிலேயே பங்குக்கும் கேள்விகளை அடுக்கிப் பார்ப்பதுதான் இந்த வழிகாட்டியின் வேலை. இதில் வரும் விதிகளும் கட்டணங்களும் வரிகளும் இந்தியச் சந்தைக்கும் இந்தியாவில் வசிப்பவர்களுக்கும் உரியவை.

முதல் கேள்வி: எந்தப் பணத்தைப் போடுவது?

எவ்வளவு பணம் என்பதைவிட எந்தப் பணம் என்பதே முக்கியம். பெரிய நிறுவனங்களின் பங்கு விலைப் போக்கைக் காட்டும் குறியீடான சென்செக்ஸ், 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைக் கடந்தது. 2009 மார்ச்சில் அது ஏறத்தாழ 8,000 புள்ளிகளுக்கு வந்துவிட்டது. மறுபடியும் 21,000-ஐத் தொட 2010 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2020 மார்ச் 23 அன்று, கொரோனா அச்சத்தில், ஒரே நாளில் 13 சதவீதத்துக்கு மேல் வீழ்ந்த அதே சந்தை, அந்த ஆண்டு முடிவதற்குள் புதிய உச்சத்துக்குச் சென்றது. இந்த இரண்டு வீழ்ச்சிகளிலும் பொறுத்திருக்க முடிந்தவர்களுக்குப் பணம் திரும்பி வந்தது. 2020 மே மாதம் மகளுக்குத் திருமணம் வைத்திருந்தவருக்கு அந்தப் பொறுமை வாய்த்திருக்காது. சந்தை எப்போது மீளும் என்று யாராலும் தேதி குறிக்க முடியாது என்பதால், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணம், அது கல்லூரிக் கட்டணமானாலும் வீட்டுக்கான முன்பணமானாலும், பங்குக்கு உரியதல்ல.

எனவே பங்குக் கணக்கு திறப்பதற்கு முன் செய்யவேண்டியவை உண்டு. ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான தொகை வங்கி வைப்பில் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும். கிரெடிட் கார்டில் பாக்கி இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும். ஆண்டுக்கு 36 சதவீதத்துக்கும் மேல் வட்டி வாங்கும் கடனை வைத்துக்கொண்டு, 12 சதவீதம் கிடைக்குமா என்று சந்தையில் தேடுவது கணக்குக்கே ஒத்துவராது. நகையை அடகு வைத்தோ தனிநபர் கடன் வாங்கியோ பங்கு வாங்குவதும் இதே ரகம்தான்.

குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டால், சட்டப்படி ஒரு பங்கின் விலை இருந்தால் போதும். ஆனால் மிகச் சிறிய தொகைக்கு வாங்கி விற்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது கட்டணங்களைப் பேசும்போது புரியும்.

கணக்கு திறப்பது எப்படி? பங்கு யாரிடம் இருக்கிறது?

பங்கு வாங்க மூன்று கணக்குகள் வேண்டும். பணம் இருக்கும் வங்கிக் கணக்கு ஒன்று. வாங்க, விற்க ஆணையிடும் டிரேடிங் கணக்கு இன்னொன்று. வாங்கிய பங்குகள் மின்னணு வடிவில் தங்கும் டீமேட் கணக்கு மூன்றாவது. பின்னிரண்டையும் புரோக்கர் நிறுவனமே சேர்த்துத் திறந்துவிடுவதால் பலருக்கு அவை ஒன்றுபோலத் தோன்றுகின்றன. உண்மையில் பங்குகள் புரோக்கரிடம் இருப்பதில்லை. 1996-இல் தொடங்கிய என்எஸ்டிஎல், 1999-இல் தொடங்கிய சிடிஎஸ்எல் ஆகிய இரண்டு காப்பகங்களில் ஒன்றில், உங்கள் பெயரிலேயே அவை பதிவாகியிருக்கின்றன. எனவே புரோக்கர் கடையை மூடினாலும் பங்கு உங்களுடையதே.

ஆனால் அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. 2019-இல் கார்வி என்ற பெரிய புரோக்கர் நிறுவனம், வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்த அதிகாரப் பத்திரத்தைப் பயன்படுத்தி அவர்களுடைய பங்குகளை அடகு வைத்துக் கடன் வாங்கியது தெரியவந்து, புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்க, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி அதற்குத் தடை விதித்தது. அதன் பிறகு விதிகள் இறுகின. இப்போது நீங்கள் விற்கும்போது காப்பகத்திலிருந்து கைபேசிக்கு வரும் ஓடிபியைக் கொடுத்து ஒப்புதல் தரலாம். அல்லது புரோக்கருக்கு வரம்புக்கு உட்பட்ட அதிகாரம் தரும் டிடிபிஐ என்ற ஆவணத்தில் ஒரே முறை கையெழுத்திடலாம். புதியவர்கள் முதல் வழியிலேயே இருப்பது நல்லது. அந்த ஒரு நிமிடத் தாமதம் அவசர விற்பனையையும் சற்று நிதானிக்க வைக்கிறது. வில்லங்கச் சான்றிதழைப் போல, காப்பகம் மின்னஞ்சலில் அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைத் திறந்து, உங்கள் கணக்கில் காட்டும் எண்ணிக்கையும் புரோக்கரின் செயலியில் காட்டும் எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கணக்கு திறக்கும் படிகள் எளிமையானவை. முதலில் செபியின் இணையதளத்தில் அந்தப் புரோக்கரின் பதிவு எண் இருக்கிறதா என்று சரிபாருங்கள். பான் அட்டை, கைபேசி எண் இணைந்த ஆதார், உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு, கையெழுத்தின் படம் ஆகியவை போதும். விண்ணப்பத்தில், பங்கை வாங்காமல் அதன் வருங்கால விலையை வைத்து ஒப்பந்தம் போடும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனப்படும் "எஃப் அண்ட் ஓ" பிரிவையும் திறக்கவா என்று கேட்கும். வருமானச் சான்று கேட்பது அதற்காகத்தான். அதைத் தேர்ந்தெடுக்காமல் விட்டுவிடுங்கள். வாரிசு நியமனத்தைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் அப்போதே நிரப்புங்கள். ஒருவருக்கு ஒரே டீமேட் கணக்கு இருந்து, அதில் உள்ள முதலீட்டின் மதிப்பு 4 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், அடிப்படைச் சேவைக் கணக்கு என்ற பிரிவில் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் இல்லை. 4 முதல் 10 லட்சம் வரை 100 ரூபாய்தான். ஆளுக்கு நான்கு செயலிகளில் கணக்கு திறந்து வைப்பவர்கள் இந்தச் சலுகையை இழக்கிறார்கள்.

முதல் முறை வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சந்தை காலை 9.15 முதல் மாலை 3.30 வரை நடக்கிறது. அதற்கு முந்தைய 15 நிமிடம் தொடக்க விலையை நிர்ணயிப்பதற்கானது. வாங்கும் திரையில் புதியவர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, வாங்கிய பங்கைக் கணக்கில் வைத்திருக்கும் டெலிவரியா, அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடேயா என்ற தேர்வு. பல செயலிகளில் டெலிவரிக்கு சிஎன்சி என்றும், இன்ட்ராடேக்கு எம்ஐஎஸ் என்றும் எழுத்துகள் இருக்கும். பங்கை வைத்திருக்க நினைத்து வாங்கியவர் எம்ஐஎஸ்ஸில் அழுத்திவிட்டால், மாலைக்குள் அது தானாக விற்கப்பட்டுவிடும். மற்றொன்று, மார்க்கெட் ஆணையா லிமிட் ஆணையா என்பது. மார்க்கெட் ஆணை, அந்த நேரத்தில் கிடைக்கும் விலைக்கு வாங்கிவிடும். அதிகம் கைமாறாத பங்கில் அந்த விலை, திரையில் பார்த்ததைவிடக் கணிசமாகத் தள்ளியிருக்கக்கூடும். நீங்கள் தரத் தயாராக உள்ள உச்ச விலையைக் குறிப்பிடும் லிமிட் ஆணையே முதல் சில ஆண்டுகளுக்கு உகந்தது.

இன்று வாங்கிய பங்கு அடுத்த வேலை நாளில் டீமேட் கணக்குக்கு வந்துவிடும். 2023 ஜனவரி முதல் எல்லாப் பங்குகளுக்கும் இந்த ஒரு நாள் தீர்வு முறைதான். வாங்கிய விவரமும் கட்டணங்களும் அடங்கிய ஒப்பந்தக் குறிப்பு மின்னஞ்சலில் வரும். முதல் குறிப்பையாவது வரிவரியாகப் படித்துவிட வேண்டும்.

அந்தக் குறிப்பில் என்ன இருக்கும்? டெலிவரியாக 10,000 ரூபாய்க்கு வாங்கினால், பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், அதாவது 10 ரூபாய். முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம், அதாவது ஒன்றரை ரூபாய். இவற்றுடன் புரோக்கர் கட்டணம், சந்தைக் கட்டணம், இவ்விரண்டின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி. விற்கும்போது அதே 0.1 சதவீதம் மீண்டும் உண்டு. அதோடு, விற்கும் நாளில் ஒவ்வொரு நிறுவனப் பங்குக்கும் டிபி கட்டணம் என்று பத்து இருபது ரூபாய் தனியாகப் பிடிப்பார்கள். எத்தனை பங்கு விற்றாலும் தொகை ஒன்றே. 100 ரூபாய் பங்கு ஒன்றை வாங்கி 110-க்கு விற்றவர், லாபம் முழுவதையும் இந்த ஒரு கட்டணத்துக்கே கொடுத்துவிட்டு வருவார். சிறிய தொகையில் அடிக்கடி வாங்கி விற்பதில் உள்ள சிக்கல் என்று முன்னால் சொன்னது இதைத்தான்.

விலை குறைந்த பங்கு மலிவானதா?

நூறு புதியவர்களில் தொண்ணூறு பேர் இந்த இடத்தில் இடறுகிறார்கள் என்பது என் எண்ணம். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்ஆர்எஃப் நிறுவனத்தின் ஒரு பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைக் கடந்தது. "ஒரு லட்சமா! எனக்குக் கட்டுப்படியாகாது, பத்து ரூபாய்ப் பங்கில் பத்தாயிரம் எண்ணிக்கை வாங்கிவிடுகிறேன்" என்று சொல்பவர், ஒரு பெரிய அடையை நான்காக வெட்டினாலும் நாற்பதாக வெட்டினாலும் மாவு ஒரே அளவுதான் என்பதை மறந்துவிடுகிறார். எம்ஆர்எஃப் பங்கு விலை உயர்ந்து நிற்பதற்கு ஒரு காரணம், அதன் மொத்தப் பங்குகளே சுமார் 42 லட்சம்தான்; பங்கை அந்த நிறுவனம் பிரிக்கவேயில்லை. மறுபக்கம், வோடஃபோன் ஐடியா நிறுவனம் தன் அலைக்கற்றைப் பாக்கிக்கு ஈடாக 2025-இல் மத்திய அரசுக்கு மட்டும் 3,695 கோடிப் பங்குகளைத் தலா 10 ரூபாய் விலையில் ஒதுக்கியது. பங்கின் விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் கிடைக்கும் சந்தை மதிப்புதான் நிறுவனத்துக்குச் சந்தை போடும் விலை. ஒரு லட்சம் ரூபாய் விலையில் எம்ஆர்எஃப்பின் சந்தை மதிப்பு சுமார் 42,000 கோடி. பத்து ரூபாய்க்குக் கீழே விற்கும் பங்கைக் கொண்ட நிறுவனத்தின் மதிப்பு அதைவிட அதிகமாகவும் இருக்கலாம்.

அப்படியானால் மலிவா விலை அதிகமா என்பதை எப்படிப் பார்ப்பது? முதல் அளவுகோல், விலைக்கும் லாபத்துக்கும் உள்ள விகிதம், பி-இ என்பார்கள். ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 20 ரூபாய் லாபம் ஈட்டும் நிறுவனத்தின் பங்கு 400 ரூபாய்க்கு விற்றால் பி-இ 20. அதாவது, லாபம் உயராமல் அப்படியே இருந்தால், போட்ட பணத்தை ஈட்ட அந்த நிறுவனத்துக்கு இருபது ஆண்டுகள் ஆகும். ஆண்டுக்கு 5 சதவீதம். வங்கி வைப்பே இதைவிட அதிகம் தரும்போது 400 ரூபாய் கொடுப்பவர், லாபம் வளரும் என்ற நம்பிக்கைக்குத்தான் விலை கொடுக்கிறார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் என்ன என்பதுதான் அடுத்துப் பார்க்கவேண்டியது.

விலை பற்றிய இன்னொரு பதற்றத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். காலையில் எழுந்து பார்த்தால் பங்கு விலை பாதியாகிவிட்டது என்று அலறி ஓடிவருபவர்கள் உண்டு. கையிலுள்ள ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பங்கை இலவசமாகத் தரும் ஒன்றுக்கு ஒன்று போனஸை நிறுவனம் அறிவித்திருந்தால் விலை பாதியாகி எண்ணிக்கை இரட்டிப்பாகும். மொத்த மதிப்பு மாறாது. புதிய பங்குகள் கணக்கில் வந்து சேரச் சில நாட்கள் ஆகும் என்பதால் இடையில் செயலி நஷ்டத்தைக் காட்டும். அதைப் பார்த்து விற்றுவிடக் கூடாது.

இப்போது கேட்கலாம்: எந்தப் பங்கை வாங்குவது?

நிறுவனத்தின் வில்லங்கம் அதன் ஆண்டறிக்கையில் இருக்கிறது. நிறுவனத்தின் தளத்திலும் பங்குச் சந்தைகளின் தளங்களிலும் அது இலவசமாகக் கிடைக்கிறது. இருநூறு முந்நூறு பக்கங்களையும் படிக்க வேண்டியதில்லை. நிறுவனம் எதை யாருக்கு விற்றுச் சம்பாதிக்கிறது என்பதை இரண்டு வரிகளில் உங்கள் வீட்டாரிடம் சொல்ல முடிகிறதா என்று முதலில் சோதியுங்கள். முடியாவிட்டால் அந்த நிறுவனத்தை விட்டுவிடுங்கள். பிறகு ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கான விற்பனையும் லாபமும் வளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். லாபம் கணக்கில் மட்டும் தெரிகிறதா, பணமாகவும் உள்ளே வருகிறதா என்பதைப் பணப் புழக்க அறிக்கை சொல்லும். லாபம் ஏறிக்கொண்டே போய், செயல்பாட்டிலிருந்து வரும் பணம் ஆண்டாண்டாகக் குறைவாகவே இருந்தால் அது எச்சரிக்கை மணி. கடன் எவ்வளவு என்று பாருங்கள். காலாண்டுதோறும் வெளியாகும் பங்குதாரர் பட்டியலில், நிறுவனத்தை நடத்தும் புரமோட்டர்கள் தங்கள் பங்குகளை அடகு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தணிக்கையாளர் தன் அறிக்கையில் ஏதேனும் ஆட்சேபம் எழுதியிருக்கிறாரா, அல்லது பாதியில் விலகியிருக்கிறாரா என்பதையும் விடக் கூடாது.

இவ்வளவு பார்த்தாலும் ஏமாற இடமுண்டு. சென்செக்ஸில் இடம்பெற்றிருந்த சத்யம் நிறுவனத்தின் தலைவர், பல ஆண்டுகளாகக் கணக்குகளைப் பொய்யாகப் பெருக்கிக் காட்டியதை 2009 ஜனவரி 7 அன்று தானே ஒப்புக்கொண்டார். ஒரே நாளில் பங்கு விலையில் முக்கால் பங்குக்கு மேல் போய்விட்டது. ஆகவே எவ்வளவு நம்பிக்கையான நிறுவனமானாலும், மொத்த முதலீட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே பங்கில் போடாமல் இருப்பது என் சொந்த விதி.

நல்ல நிறுவனத்தில் பொறுமை என்ன தரும் என்பதற்கு நம் அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் டாடா குழுமமும் கூட்டாக 1984-இல் தொடங்கி, ஒசூரில் கடிகாரத் தொழிற்சாலை அமைத்த நிறுவனம்தான் டைட்டன். அதில் இன்றும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் டிட்கோ வைத்திருக்கிறது. தனிப் பங்குதாரர்களில் பெரியவர் அதுவே. டைட்டன் தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் ஈவுத்தொகையில் அந்தப் பங்கு ஒவ்வோர் ஆண்டும் அரசு நிறுவனத்துக்கே போய்ச் சேர்கிறது. நாற்பது ஆண்டுகளில் அந்தப் பங்கு விழுந்த காலங்களும் இருந்தன. விற்காமல் இருந்ததுதான் அங்கே நடந்த ஒரே "உத்தி".

ஆண்டறிக்கை படிக்க நேரமில்லை என்பவருக்கும் வழியில்லாமல் இல்லை. நிஃப்டி 50 குறியீட்டில் உள்ள ஐம்பது நிறுவனங்களையும் அதே விகிதத்தில் வைத்திருக்கும் இடிஎஃப்பையோ இண்டெக்ஸ் ஃபண்டையோ வாங்கலாம். முன்னதை டீமேட் கணக்கில் பங்கைப் போலவே வாங்க வேண்டும். பின்னதற்கு டீமேட் கணக்கே தேவையில்லை, மாதந்தோறும் எஸ்ஐபி முறையில் ஒரு தொகை கட்டினால் போதும். தேய்ந்துபோகும் நிறுவனங்களைக் குறியீடு தானாகவே வெளியேற்றிப் புதியவற்றைச் சேர்த்துக்கொள்கிறது. வேலைக்குப் போய்வரும் பெரும்பாலோருக்கு இதுவே போதுமானது என்பது என் கருத்து.

இன்ட்ராடே, ஆப்ஷன், "டிப்ஸ்" பற்றி

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. செபியின் ஆய்வுகளே போதும். 2022-23-இல் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நஷ்டமடைந்தனர். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில், எஃப் அண்ட் ஓ பிரிவில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தனர். சராசரி நஷ்டம் தலைக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய். வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் சேர்த்து, ஒரு போலிச் செயலியில் லாபத்தைக் காட்டி, பணத்தை எடுக்கக் கேட்டால் "முதலில் வரி கட்டுங்கள்" என்று மேலும் பறிப்பது இப்போது பரவலாக நடக்கும் மோசடி. அதில் சிக்கியவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். ஆலோசனை சொல்பவர் எவராயினும், செபியில் பதிவு பெற்றவர்தானா என்று பார்க்காமல் அவர் பேச்சைக் கேட்கக் கூடாது.

ஐபிஓவுக்கு விண்ணப்பிக்கலாமா?

ஒரு நிறுவனம் தன் பங்குகளை முதன்முறையாகப் பொதுமக்களுக்கு விற்பதே ஐபிஓ. விண்ணப்பிப்பது எளிது: யுபிஐ ஒப்புதல் கொடுத்தால் பணம் வங்கிக் கணக்கிலேயே முடக்கப்படும், ஒதுக்கீடு கிடைத்தால் மட்டுமே எடுக்கப்படும். சிறு முதலீட்டாளர் பிரிவின் உச்சவரம்பு 2 லட்சம் ரூபாய். விண்ணப்பங்கள் மிக அதிகமானால் குலுக்கல். ஆனால் பட்டியலிடும் நாளில் லாபம் நிச்சயம் என்பது நம்பிக்கைதானே தவிர விதியல்ல. 2022 மே மாதம் எல்ஐசி பங்கு 949 ரூபாய்க்கு வெளியானது. பாலிசிதாரர்களுக்கு 60 ரூபாய் தள்ளுபடி கொடுத்தும், முதல் நாள் தொடக்க விலை 867 முதல் 872 ரூபாய்தான்.

எப்போது விற்பது? வரி எவ்வளவு?

விலை ஏறிவிட்டது, இறங்கிவிட்டது என்பவை மட்டுமே விற்கக் காரணங்களாகா. வாங்கும்போது ஏன் வாங்குகிறீர்கள் என்று ஒரு நோட்டில் மூன்று வரி எழுதி வைத்தால், அந்தக் காரணம் பொய்த்துப்போன நாளில் விற்கலாம். பணம் தேவைப்படும் காலம் நெருங்கினாலும், வேறெங்கோ தெளிவாகச் சிறந்த வாய்ப்பு இருந்தாலும் விற்கலாம்.

வாங்கிய 12 மாதங்களுக்குள் விற்றால் லாபத்தின் மீது 20 சதவீத வரி. அதற்குமேல் வைத்திருந்து விற்றால், ஒரு நிதியாண்டின் மொத்த நீண்டகால லாபத்தில் 1.25 லட்சம் ரூபாய் வரை வரியில்லை, மீதிக்கு 12.5 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் இந்த விகிதங்கள் நடைமுறையில் உள்ளன. எடுத்துக்காட்டாக, நீண்டகால லாபம் 2 லட்சம் என்றால் 75,000 ரூபாய்க்கு வரி 9,375. அதன்மேல் 4 சதவீத செஸ் 375. மொத்தம் 9,750 ரூபாய். புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரியில்லை என்று சொல்லப்படும் தள்ளுபடி இந்த லாபத்துக்குப் பொருந்தாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒரே பங்கைப் பல தேதிகளில் வாங்கியிருந்தால், முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கணக்கிடப்படும்.

குறுகியகால நஷ்டத்தை இருவகை லாபத்திலும் கழிக்கலாம். நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டுமே கழிக்க முடியும். மிஞ்சியதை எட்டு ஆண்டுகள் வரை கொண்டு செல்லலாம். ஆனால் உரிய தேதிக்குள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தவருக்கே அந்த உரிமை. ஈவுத்தொகை உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து உங்கள் வரி விகிதப்படி வரிக்கு உட்படும்.

தவறு நடந்தால் எங்கே போவது?

முதலில் புரோக்கரின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து, அதன் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். தீர்வு இல்லையெனில் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் இலவசமாகப் பதியலாம். அதிலும் திருப்தி இல்லாவிட்டால் ஸ்மார்ட் ஓடிஆர் தளத்தில் சமரசத்துக்கும் நடுவர் தீர்ப்புக்கும் போகலாம். ஒப்பந்தக் குறிப்புகளையும் கணக்கு அறிக்கைகளையும் அழிக்காமல் வைத்திருந்தவரின் புகாருக்கே வலு உண்டு.

கடைசியாக, கணக்கு இருப்பதையும் அது எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்பதையும் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வைக்க வேண்டும். தொடர்ந்து ஏழு ஆண்டுகள் ஈவுத்தொகையைக் கோராமல் விட்டால், அந்தத் தொகை மட்டுமல்ல, பங்குகளே மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்பட்டுவிடும். உரிமையாளரோ வாரிசுகளோ ஐஇபிஎஃப்-5 என்ற படிவத்தின் மூலம் அவற்றை மீட்க முடியும். ஆனால் அதற்கு முதலில் அப்படி ஒரு பங்கு இருந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.